பதினேழாம் நம்பர் வீட்டில் எத்தனை பிள்ளைகள்

பொய் சொல்கிற வீட்டை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். கொடியில் காயும் சின்னச் சட்டைகளை எண்ணுவேன். நடையில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவேன். செருப்பே இல்லாத வீடாக இருந்தால் கழுவிக் கவிழ்த்திருக்கும் அலுமினியத் தட்டுகளை எண்ணுவேன். வீட்டுக்காரி மூன்று பிள்ளை என்பாள், தட்டு ஒன்பது இருக்கும். மீதி நாலு பேர் பின்பக்கமாக அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அடுத்த வீட்டுக்குப் போனதும் முதலில் பின்கட்டுக்குத்தான் போவேன்.

இது எழுபத்தாறாம் வருஷத்துக் கதை. ஜாதவ்பூருக்குத் தெற்கே, ரயில் பாதையைத் தாண்டி ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலை இருந்தது. அதன் முதுகுப்பக்கம் தொழிலாளர் லைன். அறுபது வீடுகள், முக்கால்வாசி நம் தமிழ் ஜனங்கள். ஒரு அறை, ஒரு அடுப்படி, அதற்குள் எட்டுப் பேர், பத்துப் பேர். அறுபது வீட்டுக்கும் சேர்த்துக் குழாய் இரண்டு. தொழிற்சாலைப் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் தொண்ணூறு பிள்ளைகள், பாதிப் பேர் வராந்தாவில். நான் அந்தத் தொழிற்சாலை டிஸ்பென்சரியில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பணியாளர். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை எண்ணி ரிஜிஸ்டரில் எழுதுவது, போதும் என்று சொல்லி ஆபரேஷனுக்கு ஆள் சேர்ப்பது, இதுதான் வேலை. பெயர் விஜயலக்ஷ்மி. லைனில் நர்ஸம்மா என்பார்கள். நர்ஸ் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது.

எங்கள் தாத்தா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்ட குடும்பம் நாங்கள். அப்பா பாங்க் ஆபீசர், வீடு கரியாஹாட் பக்கம். தமிழ் பேசுகிற பெண் போனால் அந்த ஜனங்கள் நம்பிப் பேசுவார்கள் என்று சொல்லித்தான் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். நம்பினார்களாக்கும்! நான் லைனுக்குள் நுழைந்தால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும். கல்யாணம் ஆகாத முப்பத்திரண்டு வயதுக்காரி, பெற்றதும் இல்லை வளர்த்ததும் இல்லை, இவள் வந்து நமக்குப் பாடம் சொல்கிறாள் பார் என்று என் காதில் விழும்படியே பேசுவார்கள். நான் ஒட்டிவிட்டுப் போகிற படத்தில் அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண் நான்கு பேரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அதைப் பார்த்து ஒருத்தி கேட்டாள், இந்த வீட்டில் இரண்டே பிள்ளைதான் என்றால் குழாயில் இடம் பிடிக்க யார் போவார்கள், ரேஷன் கடைக்கு யார் போவார்கள் என்று. எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த வருஷம் மே மாதம் நோட்டீஸ் பலகையில் ஒரு உத்தரவு வந்தது. மூன்றும் அதற்கு மேலும் பிள்ளை உள்ளவர்கள் ஆபரேஷன் சர்டிபிகேட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் புதிதாகக் கட்டுகிற மாடி வீடுகளுக்கான பட்டியலில் அவர்கள் பெயர் கடைசிக்குப் போய்விடும், பள்ளிக்கூடத்திலும் இடம் கஷ்டம். அவ்வளவுதான், லைன் முழுக்க ஒரே ராத்திரியில் மூன்றாவது பிள்ளைகள் காணாமல் போய்விட்டன. எல்லா வீட்டிலும் இரண்டு, இரண்டு. மூன்றாவது எல்லாம் தங்கச்சி பிள்ளை, ஊரிலிருந்து வந்த பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை.

டிஸ்பென்சரியில் கணக்கு வாங்குகிறவர் பட்டாபி. தலைமை குமாஸ்தா. மாசம் பிறந்தால் என் மேஜைக்கு வந்து இந்த மாசம் எட்டு, இந்த மாசம் பத்து என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார். அத்தனை ஆள் வராவிட்டால் என் வேலை நிரந்தரம் ஆகாது. அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, எனக்குத் தெரியும். இதற்கு நடுவில் வேறெங்கோ கல்யாணம் ஆகாத ஒரு பையனைப் பிடித்து ஆபரேஷன் செய்துவிட்டார்கள் என்று பேச்சு வந்து, எங்கள் டாக்டர் தத்தா ஒரு விதி போட்டார். படிவத்தில் மூன்று உயிருள்ள பிள்ளைகள் இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது பையனாக இருக்க வேண்டும். மூன்றும் என் பிள்ளைகள் என்று வருகிறவர் என் முன்னால் சொல்லிக் கைநாட்டு வைக்க வேண்டும். ஒரு பக்கம் ஆள் வந்தாக வேண்டும், இன்னொரு பக்கம் தப்பான ஆள் வரக் கூடாது. நடுவில் நான்.

இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் மாதம் ஆள் குறைந்தபோது கான்டீன் சமையல்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டேன். ஐம்பத்தைந்து வயது, கல்யாணமே ஆகாதவர். ஒரு வாரம் லீவு கிடைக்கும் என்று வந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகளை நானே பெற்றுக் கொடுத்தேன், பெயர் வைத்ததும் நான்தான். அவர் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார். பட்டாபி படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கோப்பில் போட்டார்.

பாப்பா வந்தது இந்த நேரத்தில்தான்.

பாப்பா என்றால் பதினேழாம் நம்பர் வீட்டுக்காரி. சிவகங்கைப் பக்கத்து ஊர். புருஷன் மாணிக்கம் வார்ப்பட ஷாப்பில் கலாசி, சுமை தூக்குகிற வேலை. அவளுக்கு முப்பது வயதிருக்கும், நாற்பது என்று சொல்லலாம். கண்ணுக்குக் கீழே ரத்தமே கிடையாது, நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பெண்கள். இவர்கள் தவிர அந்த வீட்டு வாசலில் எப்போதும் இரண்டு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். யார் பிள்ளை என்று கேட்டால் பாப்பா கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு, "அது மாசி வீட்டுப் பிள்ளைங்க" என்பாள்.

மாசி எதிர்வீட்டு வங்காளிக் கிழவி. வங்காளத்தில் மாசி என்றால் சித்தி. எல்லோரும் அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. புருஷன் இந்தத் தொழிற்சாலையிலேயே இருந்து செத்தவன். லைனில் பாதிப் பிரசவம் அவள் கையில்தான். வயது ஐம்பத்தைந்துக்குக் குறையாது. ஐம்பத்தைந்து வயது விதவைக்கு இரண்டு வயதுப் பிள்ளையாம்! யார் காதில் பூச் சுற்றுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பையனின் இடது காது மேலே கொஞ்சம் மடங்கியிருக்கும். பாப்பாவுக்கும் அதே காது. அவன் அவளை அம்மா என்று கூப்பிடாமல் அக்கா என்று கூப்பிட்டான். எவ்வளவு கெட்டிக்காரி, பிள்ளைக்குக்கூடச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறாளே என்று நினைத்தேன். லைனில் அவனைத் தவுடு என்று கூப்பிட்டார்கள். நிறத்துக்கு வைத்த பட்டப்பெயர் என்று அதையும் விட்டுவிட்டேன்.

ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தேன். அதில் இரண்டு பெண்கள்தான். மாசியின் கார்டைப் பார்த்தேன். அதில் மாசி மட்டும்தான். ஆக அந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை கிடையாது, கோதுமை கிடையாது. இல்லாத பிள்ளையைச் சேர்த்து ரேஷன் வாங்குகிற ஊரில் இருக்கிற பிள்ளையை விட்டுவிட்டு எவளாவது வாங்குவாளா? அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பலே அழுத்தக்காரி, மாடி வீட்டுக்காகச் சர்க்கரையைக்கூட விட்டுக்கொடுக்கிறாள் என்று முடிவு கட்டினேன். ரிஜிஸ்டரில் பதினேழாம் நம்பருக்கு நேரே, குறிப்புக் கட்டத்தில், 'மூன்றாவது பிள்ளையை மறைக்கிறாள்' என்று எழுதினேன்.

அப்படிப்பட்டவள் ஜூலை மாதம் ஒரு காலையில் டிஸ்பென்சரிக்கு அவளாகவே வந்து நின்று, எனக்கு ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? அந்த வருஷத்தில் அதுவரை யாரும் தானாக வந்ததில்லை. இழுத்துக்கொண்டு வந்தால்கூட வழியில் ஓடிவிடுவார்கள். மாணிக்கத்தையே நான் கேட்டிருந்தேன். ஆண்களுக்குச் சுலபம், மறுநாள் வேலைக்குப் போகலாம் என்றேன். சுமை தூக்குகிற உடம்பு, பலம் போய்விடும் என்று யாரோ சொல்ல, மனுஷன் இரண்டு மாச லீவு போட்டு ஊருக்கே போய்விட்டான். பெண்டாட்டி மட்டும் தானாக வருகிறாள் என்றால் இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு மூக்கில் வியர்த்தது.

உட்கார வைத்துப் படிவத்தை எடுத்தேன். எத்தனை பிரசவம் என்றேன். ஏழு என்றாள். அதை மட்டும் தயங்காமல் சொன்னாள். நாலு ஆண் பிள்ளைகள் வரிசையாகப் பிறந்து வரிசையாகப் போனதாம், ஒன்றுகூட ஒரு வயதைத் தாண்டவில்லை. ஏழில் நாலு போனால் மூன்று. உயிரோடு எத்தனை என்றேன். இரண்டு என்றாள். ஏழில் நாலு போனால் எத்தனை என்று சிலேட்டுப் பிள்ளையைக் கேட்பது போல் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டு பெண்ணோடு டாக்டர் உன்னைத் தொட மாட்டார், மூன்று வேண்டும், அதில் ஒரு பையன் வேண்டும், அந்தப் பையன் உன் பிள்ளை என்று சொல், எழுதிக்கொள்கிறேன் என்றேன். இரண்டு என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் ஆபரேஷன் மட்டும் பண்ணிவிடுங்கள் என்றாள். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். இன்னொன்று வந்தால் நான் இருக்க மாட்டேன், எனக்கே தெரிகிறது என்றாள். நான் நம்பவில்லை. சர்டிபிகேட்டும் வேண்டும், மூன்று பிள்ளைக்காரி என்ற பெயரும் வேண்டாம், கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசையா என்று நன்றாகக் கேட்டு அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்டில் மறுபடி வந்தாள். சமையல்காரருக்கு நான் பிள்ளை பெற்றுக் கொடுத்த அதே வாரம். அதே கேள்வி, அதே பதில். அன்றைக்குப் போகும்போது படிக்கட்டில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நடிக்கிறாளோ என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது தடவை துர்கா பூஜைக்கு முந்தின வாரம். டிஸ்பென்சரியில் யாரும் இல்லை. வாசலில் செருப்பு போடாத காலைச் சாக்கில் துடைத்துவிட்டு உள்ளே வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"நர்ஸம்மா, உங்களுக்குக் கண்ணு இருக்குல்ல? பாத்து நீங்களே எழுதிக்கிடுங்க. என் வாயால மட்டும் சொல்லச் சொல்லாதீங்க."

அதற்குமேல் ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும்? ஒத்துக்கொண்டுவிட்டாள். ஆனால் எனக்கு அது போதவில்லை. மூன்று மாசமாக என் கண்ணில் மண்ணைத் தூவியவள், அவள் வாயாலேயே வர வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. படிவத்தில் இருந்த வாசகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, 'கீழ்க்கண்ட மூன்று குழந்தைகளும் எனக்குப் பிறந்தவை' என்று உரக்கப் படித்தேன். இதை என் முன்னால் சொல்லிவிட்டுக் கைநாட்டு வை, நாளைக்கே ஆபரேஷன் காம்ப் இருக்கிறது, முதல் பெயராகப் போடுகிறேன் என்றேன். மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் மைப்பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டைவிரலைக்கூட நீட்டினாள். பிறகு என்ன தோன்றியதோ, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வேண்டாம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டது போல் மைப்பெட்டியை மூடினேன்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. எனக்கும் அவளை நினைக்க நேரம் இருக்கவில்லை. அடுத்த வருஷம் மார்ச்சில் தேர்தல் வந்தது, டெல்லியில் ஆட்சி மாறியது. நோட்டீஸ் பலகையில் இருந்த உத்தரவை யாரோ கிழித்துப் போட்டார்கள், திரும்ப ஒட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரைக் குடும்ப நலம் என்று மாற்றி எங்கள் அறைப் பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். பட்டாபி எண் சொல்வதை நிறுத்திவிட்டார். லைனில் மூன்றாவது பிள்ளைகள் எல்லாம் திரும்பி வந்து வாசலில் விளையாடின. என்னைப் பார்த்தால் பெண்கள் வாய்விட்டே சிரித்தார்கள். அம்மை குத்துகிற வேலைக்கும், பால்பவுடர் கொடுக்கிற வேலைக்கும் என்னை மாற்றினார்கள். பால்பவுடர் வாங்க வந்தால்கூட, இதில் ஏதாவது கலந்திருக்கிறதா என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். ஒரு வருஷம் அவர்களைப் பயமுறுத்தினதற்குப் பத்து வருஷம் யாரும் அந்த அறைப்பக்கம் வரப்போவதில்லை என்று டாக்டர் தத்தா சொன்னார். அப்படித்தான் ஆயிற்று.

அந்த மேயில் பால்பவுடர் வரிசையில் பாப்பாவைப் பார்த்தேன். வயிறு தெரிந்தது. ஐந்து மாசம் இருக்கும். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். நான் பவுடரை அளந்து அவள் பாத்திரத்தில் போட்டேன். அவளுக்கு மட்டும் ஒரு கரண்டி கூடப் போட்டேன். அதைத் தவிர என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

செப்டம்பரில் நல்ல மழை. லைனில் முழங்கால் தண்ணீர். மத்தியானம் மூன்று மணிக்கு மாணிக்கமும் இன்னும் மூன்று பேரும் அவளைக் கயிற்றுக்கட்டிலோடு தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். கட்டிலின் கயிறு முழுக்க ரத்தம். பிள்ளை பிறக்கும்போதே உயிர் இல்லை என்று பின்னாலேயே தண்ணீரில் நடந்து வந்த மாசி சொன்னாள். டாக்டர் தத்தா கையில் இருந்ததை எல்லாம் செய்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் கேட்டால், பாலத்தடியில் தண்ணீர், வண்டி வர முடியாது என்றார்கள். ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. கடைசி வரை அவளுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று குனிந்தேன். கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

மரண அறிக்கை எழுத டாக்டர் ரிஜிஸ்டரைக் கேட்டார். கொண்டுபோய் வைத்தேன். பதினேழாம் நம்பர் பக்கத்தைத் திருப்பினார். ஏழு பிரசவம், இவ்வளவு ரத்தசோகை, போன வருஷமே ஏன் ஆபரேஷனுக்கு அனுப்பவில்லை என்று வங்காளத்தில் கேட்டார். மூன்று தடவை வந்தாள், பிள்ளையை மறைத்தாள், உங்கள் விதிப்படி கைநாட்டு வைக்க மறுத்துவிட்டாள் என்றேன். எதற்கு மறைக்க வேண்டும் என்று கேட்டார். மாடி வீட்டுக்காக என்றேன். அவர் பக்கத்தின் மேல் வரியில் விரலை வைத்தார். எழுபத்தைந்து ஜனவரியில், அந்தப் பையன் கைக்குழந்தையாக இருந்தபோது, நானே என் கையால் எழுதியது. பிள்ளைகள் இரண்டு. உத்தரவு வந்தது எழுபத்தாறு மே. உத்தரவு வருவதற்கு ஒன்றேகால் வருஷத்துக்கு முன்னாலேயே அவள் இரண்டு என்றுதான் சொல்லியிருக்கிறாள், அப்போது எந்த வீட்டுக்காக என்று கேட்டார்.

வராந்தாவில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்த மாசிதான் சொன்னாள். நாலு பையன்கள் போன பிறகு இவன் பிறந்தான். இவனும் போய்விடக் கூடாது என்று, பிறந்த மூன்றாம் நாள் சுளகில் போட்டு வாசல்படிக்கு வெளியே நின்ற மாசியிடம் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை அவளுடையதாகிவிட்டது. பிறகு பாப்பா ஒரு படி தவிடு கொடுத்து அவளிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டாள். ஊரில் அப்படித்தான் செய்வார்களாம். கல்கத்தாவில் தவிடு கிடைக்காமல் மாணிக்கம் எருமைக் கொட்டகைக்குப் போய்க் கெஞ்சி வாங்கி வந்தானாம். ஐந்து வயதாகி, ஊர்ச் சாமிக்கு முடி கொடுக்கிற வரைக்கும் இது என் பிள்ளை என்று பெற்றவள் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் முன்னால் போன நாலு பேரோடு இவனும் போய்விடுவான் என்று அவளுக்குப் பயம். மாசியும் அந்தப் பேரத்தைக் காப்பாற்றி வந்தாள்.

தமிழச்சி என்று என்னை வேலைக்கு எடுத்தார்கள். தமிழில் எனக்குத் தெரியாத இந்தச் சங்கதி வங்காளிக் கிழவிக்குத் தெரிந்திருந்தது. தவுடு, தவுடு என்று ஒரு லைனே கூப்பிட்டபோதும் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் வரிசையாகப் பிள்ளை சாகவில்லை, அதனால் தெரிந்துகொள்ள அவசியம் வரவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பலகையில் டி. கே. தத்தா என்றுதான் போட்டிருக்கும். தன் பெயர் தின்கோரி, அதற்கு மூன்று சோழி என்று அர்த்தம் என்றார். அவருக்கு முன்னால் இரண்டு பேர் செத்ததால் அவர் அம்மா அவரை மருத்துவச்சிக்குக் கொடுத்து மூன்று சோழிக்குத் திரும்ப வாங்கினாளாம்.

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேனே, விஜயா" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. மரண அறிக்கையில் உயிருள்ள பிள்ளைகள் என்ற இடத்தைக் காட்டி, மூன்று என்று எழுதுங்கள் என்றார். ரிஜிஸ்டரிலும் திருத்தச் சொன்னார். சிவப்பு மசியில் இரண்டை அடித்து மூன்று என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். கான்டீன் சமையல்காரரின் படிவத்தில் போட்ட அதே கையெழுத்து. அந்தக் கை எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லைனுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. மழை விட்டிருந்தது. பதினேழாம் நம்பர் வாசலில் பாப்பாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசிக் கிடத்தியிருந்தார்கள். இரண்டு பெண்களும் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்து மற்றப் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், யாரும் வா என்று சொல்லவில்லை. எதிர்வீட்டு வாசலில் மாசி அந்தப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் அக்கா, அக்கா என்று இந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

பாடை கட்டி முடித்ததும் தகராறு ஆரம்பித்தது. லைனில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நின்று நடத்துகிறவர் மருதமுத்து. ஃபிட்டர், யூனியன்காரர், வாய் பெரியது. கொள்ளிச்சட்டியைப் பையன்தான் தூக்க வேண்டும் என்றார். தாய்க்குக் கடைசிப் பிள்ளை கொள்ளி வைப்பதுதான் முறை, பையன் இருக்கும்போது புருஷன் வைத்தால் அவளுக்குப் போகிற இடத்தில் கதி கிடைக்காது, நாளைக்கு ஊரில் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது என்றார். நாவிதரைக் கூப்பிட்டுப் பையனுக்கு மொட்டை அடிக்கச் சொன்னார். பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி, ஐந்து வயசு ஆகவில்லையே, அவள் அவ்வளவு கட்டிக் காத்தாளே என்றாள். ஆண்கள் பக்கத்தில் இன்னொருவர், பெற்றவளே போய்விட்டாள், இனி எதற்கு அந்தப் பேரம் என்றார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மாணிக்கம் கையில் நெருப்புச்சட்டியோடு ஒரு தடவை பாடையைப் பார்த்தான், ஒரு தடவை எதிர்வீட்டைப் பார்த்தான். அவன் எந்தப் பக்கம் சொன்னாலும் அவளுக்கோ பிள்ளைக்கோ ஒரு துரோகம் ஆகிவிடும். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு எதிர்வீட்டுப் படியில் ஏறினார். மாசி பையனின் தலையைக் கையால் மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் மருதமுத்து என் பக்கம் திரும்பினார். கேலியாகத்தான் கேட்டார். எங்கள் தட்டை எண்ணி, கோவணத்தை எண்ணி எழுதிக்கொண்டு போனவள்தானே நீ என்கிற கோபமெல்லாம் அதில் இருந்தது.

"வாய்ப்பேச்சு எதுக்கு? கவுருமெண்டு ரிஜிஸ்டர் வந்து நிக்குதுல்ல. நர்ஸம்மா, நீங்க சொல்லுங்க. இவளுக்கு எத்தன புள்ள?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நேற்று சாயங்காலம் நான் எழுதிய சிவப்பு மூன்று என் கண் முன்னால் நின்றது. என் ரிஜிஸ்டரில் இருந்த அத்தனை எண்களிலும் அது ஒன்றுதான் சத்தியம். கீழே பார்த்தேன். பாப்பாவின் இரண்டு கைக் கட்டைவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

"ரெண்டு" என்றேன். மறுபடியும் உரக்கச் சொன்னேன். "ரெண்டு பிள்ளைதான். ரெண்டும் பொண்ணு. அது மாசி வீட்டுப் பிள்ளை."

மருதமுத்து என்னையே பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும், அங்கே நின்ற அறுபது வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சரி, புருஷனே வைக்கட்டும் என்றார். மாணிக்கம் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். மாசி பையனை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.